நடுக்களத்தில் ஆடுவது பிழைப்புக்கு ஆகுமா? லிண்டா மொட்லாலோவை வைத்து ஒரு பேச்சு

கேள்வி: டர்பனில் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அம்மா, 8 ஜூலை 2025

அண்ணா, என் மகளுக்குப் பதினாலு வயசு. பள்ளிக் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடுகிறாள். நேற்று பெண்கள் ஆப்பிரிக்கக் கோப்பையில் கானாவுக்கு எதிராக நம் தென்னாப்பிரிக்க அணியின் லிண்டா மொட்லாலோ பெனால்டியை உள்ளே போட்டதும், "நான் இவங்களை மாதிரி வருவேன்" என்று வீடே அதிரக் கத்தினாள். மாமியார் உடனே "பந்து உதைச்சா யார் சோறு போடுவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது பிழைப்புக்கு ஆகிற வேலையா? கோல் போடுகிற தெம்பி கட்லானா பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. நடுவில் ஓடுகிறவளை யார் கவனிக்கிறார்கள்? இவளையும் முன்னால் போய் ஆடச் சொல்லட்டுமா?

8 ஜூலை, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வேண்டாம். பதினாலு வயசில் ஒரு பிள்ளை தானாக நடுக்களத்தைப் பிடித்துக்கொள்கிறாள் என்றால் அவளுக்கு ஆட்டம் கண்ணில் தெரிகிறது என்று அர்த்தம். அதைக் கெடுக்காதீர்கள்.

வேலையா என்று கேட்டீர்கள். வேலைதான். எப்படிப்பட்ட வேலை என்பதை மொட்லாலோவின் வாழ்க்கையை வைத்தே சொல்கிறேன்.

1998 ஜூலை 1-ல் பிறந்தவள். ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே ராண்ட்ஃபொன்டெய்ன் பக்கம், தங்கச் சுரங்கப் பகுதி. காலில் பந்தை ஒட்டவைத்து ஆடும் லாவகத்தைப் பார்த்து ஊர் வைத்த பெயர் 'ராண்ட்ஃபொன்டெய்ன் ரொனால்டினோ'. பன்யானா பன்யானா என்று நாம் கூப்பிடும் தென்னாப்பிரிக்கப் பெண்கள் தேசிய அணியின் நீண்டகாலக் கேப்டன் ஜானின் வான் வைக் தொடங்கிய ஜேவிடபிள்யூ கிளப்பில் ஆடினாள். 2016-ல் ரியோ ஒலிம்பிக் போனபோது வயது பதினெட்டு. அந்த அணி ஸ்வீடனிடமும் சீனாவிடமும் தோற்று, பிரேசிலை அவர்கள் மண்ணிலேயே கோல் இல்லாமல் நிறுத்தியது.

அதன் பிறகு நடந்ததுதான் உங்கள் மாமியாருக்குச் சொல்ல வேண்டியது. 2018-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் டாஷ் கிளப். 2019-ல் பெய்ஜிங். 2020-ல் ஸ்டாக்ஹோமில் யூர்கோர்டன். 2023 தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ சிட்டி. 2024-ல் மறுபடி அமெரிக்கா, ரேசிங் லூயிவில். 2025-ல் மறுபடி கிளாஸ்கோ. இருபத்தேழு வயதுக்குள் இத்தனை ஊர், இத்தனை குளிர். சோறு கிடைக்கிறது. ஆனால் அதை எந்த நாட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். பயமுறுத்த அல்ல. அவள் ஆசைப்படுகிற வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

9 ஜூலை

நேற்று படுத்த பிறகு இன்னொன்று மனதில் ஓடியது. ஹூஸ்டன் என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டேன். அந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஹூஸ்டனுக்கு அவள் முன்பின் தெரியாதவளாகப் போகவில்லை. அப்போது அங்கே கோச் வேரா பாவ், முன்பு பன்யானாவின் கோச்சாக இருந்தவர். வான் வைக் முந்தின வருஷமே அங்கே போயிருந்தார். கட்லானாவும் மொட்லாலோவும் 2018-ல் போய்ச் சேர்ந்தார்கள். முதல் கதவு ஏற்கெனவே தெரிந்த ஒருவர் மூலமாகத்தான் திறந்தது. அடுத்த வருஷம் பெய்ஜிங்குக்கும் கட்லானாவும் அவளும் ஒன்றாகவே போனார்கள்.

நம் வீடுகளில் பிள்ளை தனியாக வெளிநாடு போகிறாள் என்றதும் கை கால் உதறும். திறமை மட்டும் ஒருத்தியை வெளியே கொண்டுபோவதில்லை. அவள் ஆட்டத்தைப் பார்த்த கோச், முன்னே போன அக்கா, நேர்மையான ஏஜென்ட், இவர்கள் எல்லோரும் வேண்டும். அதனால் உங்கள் மகள் இப்போது யாரிடம் பயிற்சி எடுக்கிறாள், அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பாருங்கள். பயிற்சி நேரத்தில் மைதானத்துக்குப் போய் நில்லுங்கள். காரிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

9 ஜூலை, பிறகு

"முன்காலத்தில் பெண்களுக்கு ஒரு ராண்டுகூடக் கிடைத்ததில்லை, இப்போது மட்டும் என்ன மாறிவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாறியிருக்கிறது. எவ்வளவு என்று தெரிய, டெசிரி எல்லிஸின் கதையைக் கேளுங்கள்.

இன்றைய பன்யானா கோச். அவரும் நடுக்கள ஆட்டக்காரர்தான். கேப்டவுனில் சால்ட் ரிவர், 1963-ல் பிறந்தவர். நிறவெறிக் காலத்தில் ஃபிஃபா தென்னாப்பிரிக்காவை வெளியே நிறுத்தியிருந்தது, 1992-ல்தான் திரும்பச் சேர்த்தது. பெண்கள் அணியின் முதல் சர்வதேச ஆட்டம் 1993-ல், ஸ்வாசிலாந்தோடு, 14-0. அன்றைக்கு எல்லிஸுக்கு வயது முப்பது. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயதில் அவருக்கு ஆரம்பம். இறைச்சிக் கடை ஒன்றில் மசாலா கலக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், நாட்டுக்காக ஆடப் போனதால் அந்த வேலையை இழந்தார். அப்படியும் ஆட்டத்தை விடவில்லை. கேப்டனானார், பிறகு கோச்சானார். 2022-ல் ஆப்பிரிக்கக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

எல்லிஸ் ஆடுவதற்காக வேலையை இழந்தார், மொட்லாலோவுக்கு ஆட்டமே வேலை. இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு தலைமுறை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நம் பக்கத்துக் கதையும் இதில் உண்டு. டர்பனில் கர்ரீஸ் ஃபவுன்டன் மைதானத்தில் நம் தாத்தாமார் ஆடினார்கள், கூட்டமும் அலைமோதியது. இந்தியச் சமூகத்திலிருந்து வளர்ந்த மேனிங் ரேஞ்சர்ஸ் 1997-ல் தென்னாப்பிரிக்க பிரீமியர் லீக்கின் முதல் சாம்பியனே ஆனது. அதெல்லாம் பையன்கள் கதை. நம் பெண்களுக்கு மைதான ஓரத்தில் சமோசா விற்கும் வேலைதான் இருந்தது.

12 ஜூலை

டான்சானியாவோடு 1-1. பார்த்தவர்களுக்கு எரிச்சல், எனக்கும்தான். ஆனாலும் அந்த அம்மாவின் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: நடுவில் ஓடுகிறவளை யார் கவனிக்கிறார்கள்?

கவனிக்கப் பழக வேண்டும். அடுத்த ஆட்டத்தில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பத்து நிமிஷம் பந்தை விட்டுவிட்டு மொட்லாலோவை மட்டும் பாருங்கள். பந்து அவளிடம் வருவதற்கு முன்பே தலை இடமும் வலமும் திரும்பும். பின்னால் யார் நெருக்குகிறார்கள், எந்தப் பக்கம் வெற்றிடம் இருக்கிறது என்று பார்த்துவிடுவாள். உடம்பைப் பாதி திருப்பியே பந்தை வாங்குவாள். வாங்கியபின் திரும்பினால் ஒரு விநாடி போகும், அந்த விநாடியில் எதிராளி மேலே விழுந்துவிடுவாள். வேகப்படுத்துவதா, நிறுத்தி வைப்பதா, பின்னால் கொடுத்து ஆளை இழுப்பதா என்ற முடிவெல்லாம் பந்து வருவதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது.

கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் ஒரு பெரியம்மா நிற்பார். கரண்டியைத் தொடவே மாட்டார், ஆனால் எந்த அண்டா எப்போது இறங்கும் என்று அவர் கண்தான் சொல்லும். சாப்பிட்டுப் போகிறவர்களுக்கு அவரைத் தெரியாது. அவர் இல்லாத கல்யாணத்தில் சாம்பார் தீய்ந்த பிறகுதான் தெரியும்.

அதே அணியில் கேப்டன் ரெஃபிலோ ஜேனையும் பாருங்கள். சொவேட்டோக்காரர், ஆஸ்திரேலியாவில் கான்பெரா, அப்புறம் இத்தாலியில் ஏசி மிலான், சஸ்ஸுவோலோ என்று ஆடியவர். மொட்லாலோ மேலே போய்க் குத்தினால் இவர் பின்னால் நின்று ஓட்டையை அடைப்பார். இந்த இருவரும் ஒருவர் இடத்தை ஒருவர் நிரப்புவதைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் 0-0 ஆட்டமும் சலிக்காது.

13 ஜூலை

"2022 கோப்பையைத் தனி ஆளாக வாங்கிக் கொடுத்தவர் கட்லானா, இந்த முறை அவர் இல்லை, கதை முடிந்தது" என்று ஒரு தம்பி அடித்துச் சொல்கிறார். தம்பி, கட்லானா அந்தப் போட்டியில் லீக் சுற்றிலேயே குதிகால் தசைநாண் அறுந்து வெளியே போய்விட்டார். ஜாம்பியாவோடு அரையிறுதி 0-0 என்றே முடியப்போகிறது, வீடியோ பார்த்து நடுவர் பெனால்டி கொடுத்தார். தொண்ணூறு நிமிஷம் தாண்டி நாலாவது நிமிஷம். பந்தைக் கையில் எடுத்தவள் மொட்லாலோ, உள்ளே போட்டவளும் அவளே. இறுதி ஆட்டத்தில் ரபாத்தில் மொராக்கோவை அவர்கள் கூட்டத்தின் நடுவிலேயே 2-1. இரண்டும் ஹில்டா மகாயா.

கட்லானா மேல் எனக்குக் குறைந்த மதிப்பு இல்லை. 2023 உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் அவர் போட்ட கோலுக்கு நான் எங்கள் தெருவில் எழுப்பிய சத்தம் இன்னும் அக்கம்பக்கத்துக்கு நினைவிருக்கும். முதன்முதலாக உலகக் கோப்பையில் ஒரு வெற்றி, முதன்முதலாக அடுத்த சுற்று. ஆனால் அதற்கு முந்தின ஆட்டத்தில் அர்ஜென்டினாவோடு 2-2 எடுத்தோமே, அந்த ஒரு புள்ளியும் சேர்ந்துதான் நாலு புள்ளியோடு அடுத்த சுற்றுக்குப் போனோம். அந்த ஆட்டத்தின் முதல் கோல் மொட்லாலோவுடையது.

20 ஜூலை, ஞாயிறு

நேற்று செனெகலோடு கோல் இல்லை, பெனால்டியில் தாண்டினோம். கோல்கீப்பர் ஆண்டிலே டிலாமினிக்குக் கோவிலில் ஒரு மாலை போடலாம்.

இன்று ஆடிக் கூழ். எங்கள் பக்கத்துக் கோவிலில் காலையிலிருந்து மோளம். பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் ஆட்டம். கேள்வி கேட்ட அம்மா தனியாகவும் எழுதியிருந்தார்: மாமியாருக்கு இதுதான் பெரிய வருத்தமாம், "கூழுக்கு வராத பிள்ளை எதற்கு?" என்கிறாராம். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இந்த மண்ணில் நம் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தபோதும் விடாமல் காப்பாற்றிய கூழ் அது. பாட்டிக்கு அது போய்விடுமோ என்று பயம் இருக்கத்தான் செய்யும்.

நான் செய்தது இது. எங்கள் அணியில் நம் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். போட்டி நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே பேசி, ஆடி ஞாயிறுகளில் எங்கள் ஆட்டத்தை மத்தியானத்துக்கு மாற்றக் கேட்டேன். மாற்றிக் கொடுத்தார்கள். சூலூ பிள்ளைகளும் கூட வந்து கூழ் குடித்தார்கள். ஒரு பிள்ளை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை டம்ளரை நீட்டியது. வயிறு நிறையக் குடித்துவிட்டு ஓடியது மட்டும் சரியில்லை, முதல் பாதியில் கால் எழும்பவில்லை. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

23 ஜூலை

தோற்றுவிட்டோம். நைஜீரியா 2, நாம் 1. மொட்லாலோ மறுபடி ஒரு பெனால்டி போட்டு சமன் செய்தாள். கடைசி நிமிஷத்தில் தூரத்திலிருந்து வந்த ஒரு பந்து யார் மேலும் படாமல் வலைக்குள் போனது.

அதைவிட, கேப்ரியேலா சல்காடோ கால் முறிந்து கிடந்ததுதான் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டு அணியும் அழுதது. எங்கள் வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லோரும் எழுந்து நின்றோம். மேலே எழுத இன்று முடியவில்லை.

24 ஜூலை

நேற்று நிறுத்திய இடத்திலிருந்து. காயம் பற்றிப் பேசாமல் இந்த வேலையைப் பற்றிப் பேச முடியாது. முழங்காலுக்குள் குறுக்கே ஓடும் தசைநார் (ஏசிஎல்) அறுவது பெண் பிள்ளைகளுக்குப் பையன்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஒருவர் இடிக்கவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று திரும்பினால் போதும், குதித்துத் தப்பாக ஊன்றினால் போதும். நடுக்களத்தில் ஆடுகிறவள் ஆட்டம் முழுக்கத் திரும்பிக்கொண்டேதான் இருக்கிறாள்.

என் அக்கா மகளுக்குப் பதினேழு வயசில் அது நடந்தது. யாரும் பக்கத்தில் இல்லை, பந்து வாங்கித் திரும்பினாள், விழுந்தாள். அறுவை சிகிச்சை, ஒரு வருஷத்துக்கும் அதிகமாக ஆட்டமே இல்லை. அவள் படித்த பள்ளியில் ஒரு நாளும் சரியாக வார்ம்-அப் செய்ய வைத்ததில்லை. பையன்கள் ஆடி முடித்து, புல் பெயர்ந்து மேடும் பள்ளமுமான பிறகுதான் பெண்களுக்கு மைதானம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

ஃபிஃபா தயாரித்த '11 பிளஸ்' என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது. இருபது நிமிஷம். மெதுவான ஓட்டம், தொடைக்கும் இடுப்புக்கும் பலப்பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முழங்கால் உள்ளே மடியாமல் இறங்குவது, வெட்டித் திரும்புவது. காசு செலவே இல்லை. வாரம் இரண்டு முறை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்திருக்கின்றன. உங்கள் மகளின் கோச் இதைச் செய்ய வைக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே சொல்லிக் கொடுங்கள். இதில் கூச்சப்படவே கூடாது.

27 ஜூலை

மூன்றாம் இடமும் கானாவிடம் பெனால்டியில் போனது. சரி.

சம்பளம் பற்றி நேராகச் சொல்லவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உலகக் கோப்பையில் 2023-ல் ஃபிஃபா முதன்முதலாக ஒவ்வொரு வீராங்கனைக்கும் தனித்தொகை அறிவித்தது. லீக் சுற்றோடு போனாலும் 30,000 டாலர், அடுத்த சுற்றுக்கு வந்தால் 60,000. நம் அணி அடுத்த சுற்றுக்கு வந்தது.

ஆனால் அந்தப் போட்டிக்குக் கிளம்புவதற்கு முன் நடந்ததை மறக்கக் கூடாது. போட்ஸ்வானாவோடு வழியனுப்பு ஆட்டம், ட்சகானேயில். மைதானம் மோசம், பணம் பற்றிக் கையெழுத்தான ஒப்பந்தம் இல்லை என்று வீராங்கனைகள் ஆட மறுத்தார்கள். கால்பந்து சங்கம் கிடைத்த பிள்ளைகளைச் சேர்த்து ஓர் அணியை இறக்கியது, அதில் பதிமூன்று வயசுப் பிள்ளைகூட இருந்தது. 5-0 தோல்வி. கடைசியில் மொட்செபே அறக்கட்டளை அறுபது லட்சம் ராண்ட் கொடுத்துத்தான் அவர்கள் விமானம் ஏறினார்கள். ஆப்பிரிக்கச் சாம்பியன்கள் இப்படிப் போராட வேண்டியிருந்தது. ஆட மறுத்தது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்த உறுதி இல்லாமல் போயிருந்தால் அடுத்து வருகிறவர்களுக்கும் அதே மோசமான மைதானம்தான்.

நாட்டுக்குள் பெண்கள் லீக் ஹாலிவுட்பெட்ஸ் என்ற நிறுவனத்தின் பெயரில் நடக்கிறது, நம் டர்பன் லேடீஸும் அதில் ஆடியிருக்கிறார்கள். உள்ளூரில் ஆடி மட்டும் குடும்பம் நடத்தலாம் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதனால்தான் எல்லோரும் வெளியே பறக்கிறார்கள்.

9 ஆகஸ்ட், தென்னாப்பிரிக்கப் பெண்கள் தினம்

அக்கா மகள் என்ன ஆனாள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். கால் சரியாகித் திரும்ப ஆடுகிறாள். வேகம் முன்போல் இல்லை, அதனால் பார்வை கூர்மையாகிவிட்டது. பல்கலைக்கழக அணியில் ஆடிக்கொண்டே விளையாட்டு அறிவியல் படிக்கிறாள். லீக் கிளப் ஒன்றின் ட்ரயலுக்குப் போனாள், எடுக்கவில்லை. அடுத்த வருஷமும் போவாள்.

படிப்பா ஆட்டமா என்று பிரித்து யோசிக்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம், ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகம், இவற்றின் பெண்கள் அணிகளே தேசிய லீக்கில் ஆடியவை. கட்லானாவே வெஸ்டர்ன் கேப்பில் படித்தவர். பிரிட்டோரியாவில் பெண் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவும் ஆடவும் வைக்கிற உயர்திறன் மையம் இருக்கிறது. உங்கள் மகளுக்குப் பதினாலுதானே, நேரம் இருக்கிறது. கணக்கை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2022 செப்டம்பரில் மோசஸ் மபிடா மைதானத்துக்கு அக்கா மகளைக் கூட்டிப்போனேன், பிரேசில் வந்திருந்தது. 6-0 வாங்கினோம். மூன்றாவது கோலோடு கிளம்பலாம் என்று பார்த்தேன், அவள் எழவில்லை. பிரேசிலின் நடுக்களம் பந்தில்லாதபோது எங்கே நிற்கிறது என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

14 செப்டம்பர்

ஃபீனிக்ஸ் அம்மா எழுதியிருக்கிறார். மகளை மாவட்ட அணித் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம், நடுக்களத்துக்கே! மாமியாரும் பார்க்க வருகிறேன் என்றாராம். ரொம்ப சந்தோஷம் தங்கச்சி.

புதன்கிழமை புரட்டாசி பிறக்கிறது, ஒரு மாதம் கவுச்சி கிடையாது, பயிற்சியோடு இது ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. பட்டினி மட்டும் வேண்டாம், சனிக்கிழமை ஒரு பொழுதைப் பெரியவர்கள் இருக்கட்டும். காலையில் தயிர், பருப்பு. பயிற்சி முடிந்த அரை மணிக்குள் பீன்ஸ் கறியோடு ரொட்டி, இல்லையென்றால் பீன்ஸ் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி. ராத்திரி சோறு, பருப்பு, கீரை. பள்ளிப் பையில் வேர்க்கடலை, வாழைப்பழம். இரும்புச் சத்து குறையாமல் இருக்கக் கீரையோடு எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், டீயைச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள்.

தேர்வு அன்றைக்குப் புது பூட் போட்டு அனுப்ப வேண்டாம், பழகினதே போதும். ஷின்பேட், தண்ணீர், பிறப்புச் சான்றிதழின் நகல், ஒரு குளிர்ச்சட்டை. எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டால் "நடுக்களம்" என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். முன்னால் ஆள் குறைகிறது, போகிறாயா என்று கட்டாயம் கேட்பார்கள். ஒரு பாதி ஆடிக் காட்டலாம், தப்பில்லை. அடுத்த பாதிக்குத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.